பாரம் குறைந்த துவக்கு

ஆகஸ்ட் 9, சனி

இன்று அரிசி மூட்டையைக் காரிலிருந்து மலர் தானே தூக்கிக்கொண்டு போனாள். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன். பக்கத்து வீட்டு நோர்வேக்காரன் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு காலம் கட்டிக்காத்த புருஷன் மானம் கார் தரிப்பிடத்துக்கும் வாசலுக்கும் இடையில் போயிற்று.

ஜூனில் என் இடது காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து வயர் இதயத்துக்குள் போகிறது. இதயம் துடிக்க மறக்கும்போது அது ஞாபகப்படுத்துமாம். வீட்டுக்கு அனுப்பும்போது தாதி சொன்னது ஒன்றே ஒன்று: இடது கையால் ஐந்து கிலோவுக்கு மேல் கொஞ்சக் காலத்துக்குத் தூக்காதே. அந்தக் கொஞ்சக் காலத்தை மலர் ஆயுட்காலம் ஆக்கிவிட்டாள். நான் இடது கையால் தண்ணீர்ப் போத்தலைத் தொட்டாலும் சமையலறையிலிருந்து "இடக்கை" என்று குரல் வருகிறது.

என் கவலை அரிசி மூட்டை இல்லை. செப்டெம்பர் இருபத்தைந்தில் எல்க் வேட்டை தொடங்குகிறது. எல்க் என்பது மாட்டைவிட உயரமான மான். என் துவக்கு, வேட்டைத் துப்பாக்கி, நீளமான, தடித்த குழல் போட்டது. தொலைநோக்கியோடு சேர்த்து ஐந்து கிலோவைத் தாண்டும். நான் இடக்கைக்காரன். வலது கண் சின்ன வயதிலிருந்தே புகை படிந்த கண்ணாடி. ஆகவே துவக்கை வலப்பக்கம் மாற்றிப் பிடிக்கவும் வழியில்லை.

வேட்டைக்குப் போகாமல் விட்டால் என்ன என்று மலர் கேட்கிறாள். அவளுக்கு விளங்காது என்று எழுதப் பார்த்தேன், ஆனால் அவளுக்கு நன்றாக விளங்கும். இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து இருபத்தாறு வருடம். பள்ளிக்கூடத்தில் காவலாளி வேலை. இந்த ஊரில் அரைவாசிப் பேருக்குச் சின்ன வயதில் சப்பாத்து நாடா கட்டிவிட்டவன் நான். என்றாலும் ஆறு வருடத்துக்கு முன்னர்தான் வேட்டைக் குழுத் தலைவி தூரிட் வந்து கதவைத் தட்டினாள், எங்களோடு வருகிறாயா என்று. அன்றைக்குத்தான் நான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். குழுவில் எட்டே இடம். ஒரு வருடம் வராவிட்டால் இடம் வரிசையில் நிற்கிறவருக்குப் போய்விடும். வரிசையில் முதல் ஆள் எங்கள் பல் வைத்தியர். என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை வருடம் போவதாக உத்தேசம் என்று கேட்பார். பதில் சொல்லவும் முடியாது.

குழுவுக்கு நான் சொல்லியிருப்பது: பித்தப்பைக் கல்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஐவிண்டின் பட்டறைக்குப் போனேன். அவன் துவக்குத் திருத்துகிறவன், எங்கள் குழுவிலும் ஒருவன். துவக்கின் உடலை வைத்துக்கொண்டு குழலை மட்டும் மாற்றித் தருவாயா, பாரம் குறைந்ததாக வேண்டும் என்றேன். சாக்கை விரித்து ஒரு குழலை எடுத்து வைத்தான். மெல்லியது, கட்டையானது. பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது.

அவனுக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாக மூன்று சொல்லோடு கதையை முடிப்பவன் இன்று நின்று விளக்கினான். அவன் நோர்வேஜிய மொழியில் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன்.

"துவக்குக்குள்ள போற ரவை அதே ரவைதான், பரா. அதின்ர பலம் ஒரு இடமும் போகாது. துவக்குப் பாரமா இருந்தா அது பாதியை வாங்கிக்கொள்ளும். பாரத்தைக் குறைச்சா மிச்சத்தை உன்ர தோள்தான் வாங்கும்."

கட்டைக் குழல் காதருகே கூடுதலாக முழங்குமாம். மூச்சு வாங்கும்போது மெல்லிய குழலின் நுனி ஆடுமாம். பாரமான குழலோ நெல்லு மூட்டை மாதிரி வைத்த இடத்தில் இருக்குமாம். இரண்டுக்கும் நடுத்தரமானது ஒன்று இருக்கிறது, முனையில் சத்தம் குறைக்கும் உருளையும் பூட்டலாம், அது போதும், ஆனால் நவம்பரில்தான் வரும் என்றான். நவம்பரில் எனக்கெதற்கு? மெல்லியதையே பூட்டச் சொன்னேன்.

இவ்வளவு நாள் பாரமான துவக்குத்தான் நல்லது என்று நீயே சொல்லிக்கொண்டு திரிந்தாயே, இப்போது என்ன வந்தது என்று கேட்டான். பித்தப்பை வெட்டின இடத்தில் துவக்கின் வார் இழுக்கிறது என்றேன். பித்தப்பை எந்தப் பக்கம் என்று எனக்கே அந்த நேரம் சந்தேகமாகப் போய்விட்டது. வயிற்றைப் பொதுவாகத் தடவிக்காட்டினேன்.

ஆகஸ்ட் 13, புதன்

குளியலறைத் தராசில் முதலில் நானும் துவக்கும் ஏறினோம், பிறகு நான் தனியாக. மெல்லிய குழலோடு மூன்று கிலோ எண்ணூறு. மலர் அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள். "உது விளையாட்டுச் சாமான் மாதிரியெல்லே இருக்கு. இதெண்டால் கொண்டு போங்கோ" என்றாள். ஜூனுக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. தாதி சொன்னதற்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைவாகவே இருக்கிறது. இனி என்ன பயம்?

ஆகஸ்ட் 16, சனி

சுடுதிடலில் முதல் நாள். நோர்வேயில் பெரிய மிருகம் சுட வேண்டுமென்றால் ஒவ்வொரு வருடமும் முப்பது பயிற்சி வெடி வைத்து, பிறகு சோதனையிலும் தேற வேண்டும். நூறு மீட்டரில் ஒரு மான் படம், நெஞ்சில் ஒரு வட்டம், ஐந்து வெடியும் அதற்குள் விழ வேண்டும்.

பத்து வெடி வைத்தேன். தூக்குவதற்குச் சுகம், தோளுக்குக் கொண்டுவரச் சுகம். வெடிக்கும்போது மட்டும் அடித்தது. அடி என்றால் அடி. துவக்கின் கட்டை வந்து முட்டுகிற இடமும் ஆஸ்பத்திரிக்காரர் தைத்த இடமும் அநேகமாக ஒன்றுதான் போலிருக்கிறது. கொஞ்சம் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். அப்போது ரவை படத்துக்கே போகவில்லை. திரும்ப உள்ளே கொண்டுவந்தேன்.

பின்னேரம் விக்கல். "ஆரோ நினைக்கினம்" என்றாள் மலர். பல் வைத்தியராக இருக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விக்கல் நிற்கவில்லை. சீனி தின்றேன், மூச்சை அடக்கினேன், குனிந்து தண்ணீர் குடித்தேன். படுத்தால் நிற்கிறது, இடப்பக்கம் திரும்பினால் வருகிறது.

ஆகஸ்ட் 23, சனி

சமையலறைத் துவாய் ஒன்றை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். மலருக்குச் சொல்லவில்லை, சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று நானே கேட்டுக்கொள்ளாமல் இருப்பதற்கே பெரிய பாடாக இருக்கிறது.

ஐவிண்ட் பக்கத்தில் நின்று பார்த்தான். நாலாவது ரவையை அவனே போட்டுத் தந்தான். குறி பார்த்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை. ஆனால் என் தோள் பின்னுக்குத் துள்ளியது, கண் இறுக மூடியது, குழல் நுனி புல்லைப் பார்த்தது. அவன் போட்டது வெற்றுக் கூடு. உதை வரும் முன்பே நான் பயந்து துள்ளுகிறேனா என்று பார்ப்பதற்கு இவர்கள் செய்கிற வேலை. மற்றவர்கள் கண்டும் காணாததுபோலத் தங்கள் துவக்குகளைத் துடைத்தார்கள். சிரித்திருந்தாலும் பரவாயில்லை.

பழைய பாரக் குழலையே திரும்பப் பூட்டித் தருகிறேன், இது உனக்குச் சரிவராது என்றான் ஐவிண்ட். வேண்டாம், பழகிவிடும் என்றேன். என்னை நெடுநேரம் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. நெஞ்சில் கருவி வைத்தவனை எந்தக் குழு துவக்கோடு காட்டுக்குள் விடும்?

முப்பது வெடியும் முடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் சப்பாத்து நாடா கட்டக் குனிந்தபோது நிலம் ஒருமுறை சாய்ந்து நேரானது. வெள்ளிக்கிழமை விரதம், வெறும் வயிறு. அவ்வளவுதான்.

கருவிக்கு மேலே உள்ள சதை கண்ணிமை துடிப்பதுபோல விட்டுவிட்டுத் துடிக்கிறது. ஆண்களுக்கு இடப்பக்கம் துடித்தால் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் இல்லை. இருந்தாலும் வலப்பக்கம் எங்கேயாவது துடிக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

செப்டெம்பர் 3, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. கருவியைச் சோதிக்கப் பதினோராம் திகதி வரட்டுமாம். அன்று பின்னேரம்தான் சுடுதிடலில் சோதனை, அதுவே கடைசி நாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வரவே பகல் முழுக்கப் போய்விடும். ஒக்டோபருக்குத் தள்ளிப்போடச் சொன்னேன். ஏதாவது அசௌகரியம் உண்டா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்றேன். விக்கலை அசௌகரியம் என்று எந்த நாட்டிலும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரிதான் தள்ளிப்போட்டது என்று மலருக்குச் சொன்னேன். இந்த நாட்டில் எதற்கும் காத்திருக்க வேண்டும் என்று அவள் ஆஸ்பத்திரியைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன்.

செப்டெம்பர் 11, வியாழன்

தேறிவிட்டேன்.

முதல் தடவை ஐந்தில் ஒன்று வட்டத்துக்கு வெளியே. இரண்டாம் தடவை இரண்டு வெளியே. மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, அடி விழட்டும் என்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். ஐந்தும் உள்ளே. தூரிட் வந்து முதுகில் தட்டினாள். எனக்குக் கண் இருட்டியது; சந்தோஷத்தில் அப்படி வருவதுண்டு. வாங்குப் பலகையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மலர் என் சட்டையைக் கழற்றச் சொன்னாள். தோள் கத்தரிக்காய் நிறம். "என்னப்பா இது, ஆரும் அடிச்சவங்களோ?" என்றாள். புதுத் துவக்குப் பழகும்வரை அப்படித்தான் என்றேன். எண்ணெய் பூசிவிட்டாள். கருவியைச் சுற்றித் தடவும்போது அவள் விரல் அங்கேயே நின்றது. பிறகு, "பாரம் தூக்கேல்லத்தானே?" என்று மட்டும் கேட்டாள். சத்தியமாக இல்லை என்றேன். அது உண்மை.

செப்டெம்பர் 24, புதன்

நாளைக்கு வேட்டை. மலர் ரொட்டியும் சம்பலும் கட்டுகிறாள். தூரிட் தொலைபேசியில், குழுவின் சாப்பாட்டில் எனக்குக் கொழுப்பில்லாத இறைச்சியாகத் தனியே வெட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள், பித்தப்பைக்காக. அவள் கரிசனை எனக்கு ஊசியாகக் குத்துகிறது.

சோதனைக்குப் பிறகு ஒரு வெடிகூட வைக்கவில்லை, இருந்தும் விக்கல் போகவில்லை. வேட்டைக்கு முதல் நாள் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும். மற்ற வருடங்களில் எனக்கு இப்படி இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். பிறகு யோசிக்காமல் விட்டேன்.

செப்டெம்பர் 25, வியாழன்

எனக்கு நாலாம் இடம். ஆறு வருடமாக அதே இடந்தான். சதுப்பு நிலத்தின் ஓரம், சாய்ந்த பைன் மரத்தடி. நேர் எதிர்க்கரையில் ஐந்தாம் இடம், அது ஐவிண்டினுடையது. அவனுடைய சிவப்புத் தொப்பி தெரியும். நாய்க்காரர் மேலே காட்டுக்குள் நாயை விட, எல்க் எங்கள் பக்கமாக வர வேண்டும். அதுவரை அசையாமல் நிற்க வேண்டும்.

மேட்டில் ஏறும்போது துவக்கின் பாரமே தெரியவில்லை. பாரமான குழலோடு ஐவிண்ட் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். பார்த்தாயா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, எனக்கு அவனைவிட மூச்சு வாங்கியது.

ஒன்றும் வரவில்லை. குளிர். தேநீர்.

செப்டெம்பர் 26, வெள்ளி

மத்தியானம் நாலாம் இடத்தில் கண் அயர்ந்துவிட்டேன். நின்றுகொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு பாசி கன்னத்தில் ஈரமாக இருந்தது, தொப்பி தூரத்தில் கிடந்தது, துவக்கு வயிற்றுக்குக் குறுக்கே, வானொலிக் கருவியில் தூரிட் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையாவது தடவையோ தெரியாது. தூங்கிவிட்டேன் என்றேன். எல்லோரும் வானொலியிலேயே சிரித்தார்கள். பின்னேரம் முழுக்கக் குறட்டை விட்டுக் காட்டிக் கேலி செய்தார்கள். கேலி செய்ததோடு விட்டார்களே என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

உதட்டின் உட்புறம் பல் பட்டுக் கிழிந்திருக்கிறது. நித்திரையில் விழுந்தால் அப்படி ஆகலாம்.

நாளைக்குப் போகாமல் விடலாமா? ஒரு நாள்தானே. ஆனால் ஏன் என்று கேட்பார்கள்.

செப்டெம்பர் 30, செவ்வாய். ஆஸ்பத்திரி

இன்றுதான் பேனா பிடிக்க விட்டார்கள். சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் நாய் குரைத்தது. குரைப்பு எங்கள் பக்கமாக இறங்கி வந்தது. அப்போதே எனக்குத் தலை இலேசாகத் தொடங்கிவிட்டது. மரத்தில் சாய்ந்தேன். ஆறு வருடமாக நான் ஒரு எல்க்கும் சுட்டதில்லை. நாலாம் இடத்துக்கு வந்ததெல்லாம் கன்றுள்ள தாய், அல்லது துவக்குக்கு எட்டாத தூரம். அன்று சதுப்பின் நடுவில் ஒரு பெரிய ஆண், கொம்பில் பாசி தொங்க, ஆறுதலாக நடந்து வந்து பக்கவாட்டாக நின்றது. அதைவிட நல்லபடி எந்த எல்க்கும் எவனுக்கும் நின்றிருக்காது.

துவக்கு தானாகத் தோளுக்கு வந்தது. தொலைநோக்கிக்குள் அதன் நெஞ்சு. நுனி ஆடியது. பிறகு வட்டத்தின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. அந்தக் கறுப்புக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஐவிண்டின் தொப்பி. நான் விழப்போகிறேன் என்று தெரிந்தது. விரல் விசையில் இருக்கிறது, விழுந்தால் குழல் எந்தப் பக்கம் திரும்பும் என்று எவருக்குத் தெரியும்? அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டுக்கும் நான் சப்பாத்துக் கட்டிவிட்டிருக்கிறேன்.

ரவையை வெளியே தட்டினேன். துவக்கைப் பாசியில் வைத்தேன். வானொலிக் கருவியை அமுக்கி, பித்தப்பை இல்லை, நெஞ்சு, வாருங்கள் என்று நோர்வேஜியத்தில் தெளிவாகச் சொன்னேன். எல்க் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அதற்கப்பால் ஞாபகம் இல்லை.

ஹெலிகொப்டரில் கொண்டுவந்தார்களாம். முதல் தடவையாக ஏறினேன், ஒன்றும் பார்க்கவில்லை.

இன்று காலை வைத்தியர் வந்தார், சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரேயில் காட்டினார்: இதயத்துக்குப் போகிற வயர் கருவிக்குக் கிட்ட நைந்து இழுபட்டிருக்கிறது. விக்கலும் மயக்கமும் அதனால்தானாம். புதிது போட்டுவிட்டார்கள். பாரம் எதுவும் தூக்கினீர்களா என்று கேட்டார். மலர் பொரிந்து தள்ளிவிட்டாள், ஒரு வாளி தூக்க விடவில்லை, அரிசி மூட்டைகூட நான்தான் என்று. நானும் பெருமையாகச் சொன்னேன், துவக்கின் குழலைக்கூட மாற்றிப் பாரத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன் என்று.

வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார். எந்தத் தோளில் வைத்துச் சுடுவீர்கள் என்று கேட்டார். இடது தோளைத் தொட்டுக் காட்டினேன். எத்தனை வெடி? முப்பது, பிறகு சோதனைக்குப் பதினைந்து. நீங்கள் வேட்டைக்குப் போகிறவர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு முன் மலருக்கு விளங்கிவிட்டது. வைத்தியர் போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "நான்தானே அதைத் தூக்கிப் பார்த்துச் சந்தோசப்பட்டனான். நான்தானே கொண்டு போங்கோ எண்டனான்" என்றாள்.

"நீர் என்ன செய்வீர்? நான் மறைச்சதுதானே" என்றேன்.

ஒக்டோபர் 1, புதன்

உயிர் தப்பினவன் நினைக்க வேண்டியதை நினைக்காமல், நாலாம் இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள் என்றே மனம் போகிறது. வேட்டை இந்த வெள்ளி வரை. தூரிட் பல் வைத்தியரைச் சனிக்கிழமையே கூப்பிட்டிருப்பாள். கூப்பிடுவதுதான் முறை. எட்டுப் பேர் இல்லாவிட்டால் ஓட்டை விழும், எல்க் அதனூடாகப் போய்விடும். நானாக இருந்தாலும் கூப்பிடுவேன். பொய் சொல்லி, ஒரு மனிதனைக் குறிக்கு நேரே வைத்துக்கொண்டு விழப்போனவனுக்கு இடம் எதற்கு?

ஒக்டோபர் 4, சனி

தூரிட் வந்தாள். வேட்டைச் சப்பாத்தோடேயே வந்து கதிரையில் இருந்தாள். முதலில் திட்டு. பித்தப்பையாம், நான் பைத்தியக்காரி மாதிரிக் கொழுப்பை வெட்டி வெட்டி வைத்தேன் என்றாள். வானொலியில் நான் சொன்னதில் ஒரு சொல்லும் விளங்கவில்லையாம், முழுக்க முழுக்கத் தமிழாம். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் இடத்தை விட்டு ஓடி வந்தார்களாம். அந்தப் பெரிய ஆண் எல்க் மூன்று துவக்குக்கு முன்னால் நடந்து போனதாம், ஒருவரும் சுடவில்லையாம். ஐவிண்ட்தான் முதலில் வந்து நெஞ்சை அமுக்கினவன். மெல்லிய குழலைக் கழற்றிப் பட்டறையின் மூலையில் எறிந்துவிட்டான் என்றாள்.

நான் கேட்க நினைத்ததைக் கேட்க நெடுநேரம் எடுத்தது. மலர் தேநீர் வாங்கப் போனாள். அவள் திரும்பி வந்தும் கேட்கவில்லை. தூரிட் எழும்பிக் குளிர்ச் சட்டையைப் போடும்போதுதான் கேட்டேன், நாலாம் இடத்தில் பல் வைத்தியர் நன்றாக நின்றாரா என்று.

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன்.

"ஒருத்தரும் நிக்கேல்ல" என்றாள். "கிழமை முழுக்க ஏழு பேர்தான். ரெண்டு எல்க் அதுக்குள்ளாலதான் போச்சுது. பாத்துக்கொண்டு நிண்டம்."

ஏன் ஆளைப் போடவில்லை என்று கேட்டேன்.

"அது உன்ர இடமெல்லே" என்றாள். ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வழியெல்லாம் பனி விழுகிறது, இருட்டு முன் போக வேண்டும் என்று போய்விட்டாள்.

இனித் துவக்குத் தொடலாமோ கூடாதோ என்று வைத்தியர் இன்னும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கதவு சாத்தியதும் எனக்கு அழுகை வந்தது, அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மலர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, என் இடது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.